35 வாட் போதும்: ஸ்கூட்டர் ஹெட்லைட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக

"ஹெட்லைட் வெளிச்சமே பத்தலைங்க, எந்த எல்இடி போடலாம்?" ஸ்கூட்டர் வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "பல்ப் ஹோல்டர்ல எவ்வளவு வோல்ட் வருதுன்னு பார்த்தீங்களா?" பார்த்தேன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. பல்ப் கடைக்குப் போவது சுலபம். ஹோல்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆனால் பத்தில் ஏழெட்டு வண்டிகளுக்குக் கோளாறு அங்கேதான் இருக்கிறது என்பது என் அனுபவம்.

நான் ஓட்டுவது தஞ்சாவூர், திருவையாறு, கும்பகோணம் பக்கத்துச் சாலைகளில். இருட்டிய பிறகு அங்கே என்னென்ன எதிரில் வரும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். பின்னால் சிவப்பு விளக்கே இல்லாத கரும்பு டிராக்டர், அறுவடைக் காலத்தில் ரோட்டில் காயப்போட்ட நெல், நடுரோட்டில் படுத்து அசைபோடும் மாடு, ஆற்றங்கரை வளைவில் திடீரென்று முளைக்கும் வேகத்தடை. இவற்றையெல்லாம் சரியான நேரத்தில் காட்ட வேண்டிய பொறுப்பு அந்தச் சின்னக் கண்ணாடிக் குமிழிடம் இருக்கிறது. அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை.

முதலில் வண்டியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். எல்இடி வருவதற்கு முன்பு இங்கே விற்ற ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் 12 வோல்ட், 35/35 வாட் பல்ப். அதில் பரவலாக இருப்பது ஹெச்எஸ்1 என்ற ஹாலோஜன் வகை. பழைய வண்டிகளில் வேறு கழுத்து உள்ள பல்புகளும் உண்டு. உங்கள் வண்டியில் எது என்பது பல்பின் தகரக் கழுத்திலேயே பொறித்திருக்கும், கழற்றிப் பார்த்து அதையே கேட்டு வாங்குங்கள். ஹெச்எஸ்1-க்குள் இரண்டு இழைகள். பிரைட்டுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று. டிம் இழைக்கு அடியில் ஒரு குட்டித் தகரக் கிண்ணம் இருக்கும். அந்த இழையின் வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டும் பட்டு, அங்கிருந்து கீழ்நோக்கி ரோட்டில் விழுவதற்காக வைத்த கிண்ணம் அது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எல்இடி பற்றிப் பேசும்போது இந்தக் கிண்ணம்தான் முக்கியம்.

சர்வதேசத் தரவிதிப்படி 13.2 வோல்ட் கொடுத்தால் ஹெச்எஸ்1 பிரைட்டில் 825 லூமன், டிம்மில் 525 லூமன் வெளிச்சம் தர வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். 13.2 வோல்ட் கொடுத்தால் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. இழை பல்பில் வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் கொஞ்சம் குறைவதில்லை, மளமளவென்று இறங்கிவிடும். வோல்டேஜின் ஏறக்குறைய 3.4-ஆவது அடுக்குக்கு ஏற்ப வெளிச்சம் மாறும் என்பது விளக்குத் தொழிலில் பழைய கணக்கு. 10 சதவீதம் வோல்டேஜ் குறைந்தால் 30 சதவீதம் வெளிச்சம் போய்விடும். 13.2 வர வேண்டிய இடத்தில் 11 வோல்ட் வந்தால் வெளிச்சம் கிட்டத்தட்டப் பாதிதான். பல்பின் மேல் குற்றமே இல்லை. அதற்குச் சோறு போடாமல் வேலை வாங்குகிறோம்.

இந்த வோல்டேஜ் எங்கே தொலைகிறது? ஸ்விட்ச் காண்டாக்டில், பச்சை பூத்த கனெக்டரில், சூட்டில் இளகிப்போன ஹோல்டரில். எல்லாவற்றுக்கும் மேலாக எர்த்தில். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் தஞ்சாவூரில் கீழவாசல் பக்கம் கடை வைத்திருந்த ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன். பல்ப் மாற்ற வேண்டும் என்று வண்டியை நிறுத்துபவர்களிடம் அவர் முதலில் சொல்வது, "தம்பி, பல்பத் தொடாதீங்க, எர்த்தப் பாப்போம்." ஒரு துண்டு ஒயரை எடுத்து ஒரு முனையை பல்பின் எர்த்துக்கும் மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவுக்கும் கொடுப்பார். அப்போது வெளிச்சம் சட்டென்று ஏறினால் எர்த்தில்தான் கோளாறு. இருக்கிற எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கொஞ்சம் கிரீஸ் தடவி இறுக்கிவிடுவார். அதற்கு அவர் வாங்கியது டீக்காசுதான். போகிறவர் பழைய பல்போடேயே நல்ல வெளிச்சத்தில் போவார்.

2017 ஏப்ரல் 1 முதல் வந்த இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கும் ஸ்விட்சே கிடையாது. பகலிலும் எரிந்துகொண்டேதான் இருக்கும். எதிரில் வருபவருக்கு நம் வண்டி தெரிய வேண்டும் என்பதற்காகக் கொண்டுவந்த நல்ல விதி அது. ஆனால் ஹாலோஜன் பல்ப் உள்ள வண்டியில் ஹோல்டர் நாள் முழுக்க வேகிறது. ஆகவே இந்த வண்டிகளில் பல்ப் மாற்றும்போதெல்லாம் ஹோல்டரையும் உற்றுப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுத்து, ஒரு பின் மட்டும் கறுத்திருந்தால் ஹோல்டரையே மாற்றிவிடுவது நல்லது. பல்பைவிட அதற்கு விலை குறைவு.

இனி மாற்றும் வேலை. ஹேண்டில்பாரில் ஹெட்லைட் உள்ள ஸ்கூட்டர்களில் முன் கவரைக் கழற்ற வேண்டியிருக்கும். ஸ்பீடாமீட்டர் பக்கம் ஒன்றிரண்டு ஸ்குரூ, கண்ணாடிக் கம்பிக்குக் கீழே ஒன்றிரண்டு, அதற்குமேல் பிளாஸ்டிக் லாக்குகள். திருப்புளியை விட்டு நெம்பாதீர்கள். வண்டியைக் கொஞ்ச நேரம் வெயிலில் நிறுத்தி வைத்தால் பிளாஸ்டிக் இளகி, விரலாலேயே லாக் விட்டுக்கொடுக்கும். பழைய வண்டிகளில் இந்த லாக்கின் காது உடைந்துதான் கவர் வாழ்நாள் முழுக்கக் கடகடவென்று ஆடுகிறது. ரிஃப்ளெக்டரும் வெளிக் கண்ணாடியும் சேர்ந்த கூடுதான் டூம். அதன் பின்னால் ரப்பர் தொப்பி, அதை உரித்தால் ஸ்பிரிங் கம்பி, அதை விடுவித்தால் பல்ப் வெளியே வரும். கழுத்தில் உள்ள மூன்று காதுகளும் ஒரே ஒரு வாகில்தான் உட்காரும். உட்காரவில்லை என்றால் திருப்பிப் பாருங்கள், அழுத்தாதீர்கள். சரியாக உட்காராத பல்ப், எவ்வளவு நல்ல பல்பாக இருந்தாலும், வெளிச்சத்தை மரத்தின் உச்சிக்குத்தான் அனுப்பும்.

ஹாலோஜன் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது என்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உண்மை. உள்ளே இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன் மறுபடி இழைக்கே திரும்ப வேண்டுமானால் கண்ணாடிச் சுவர் மிகுந்த சூட்டில் இருக்க வேண்டும். அதற்காகவே குவார்ட்ஸ் போட்டிருக்கிறார்கள். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு அந்தச் சூட்டில் தீய்ந்து, அந்த இடம் மட்டும் இன்னும் சூடாகி, பல்ப் சீக்கிரம் போய்விடும். காகிதத்தால் பிடியுங்கள். தெரியாமல் தொட்டுவிட்டால் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்து, காய்ந்த பிறகு போடுங்கள். ரப்பர் தொப்பியைத் திரும்ப மாட்டும்போது தண்ணீர் வடியும் ஓட்டை கீழே பார்க்கட்டும்.

கை உள்ளே இருக்கும் நேரத்தில் ஒரு ஆசை வரும்: ரிஃப்ளெக்டரைத் துணியால் துடைத்துவிடலாம் என்று. வேண்டவே வேண்டாம். அது பிளாஸ்டிக்கின் மேல் படிய வைத்த மெல்லிய அலுமினியப் பூச்சு, துணி பட்டாலே கீறும். தூசு இருந்தால் காற்று அடியுங்கள், அவ்வளவுதான். பூச்சு உரிந்து பால் நிறத்துக்கு வந்துவிட்டதா, அப்போது எந்த பல்ப் போட்டாலும் பணம் வீண். டூமையே மாற்ற வேண்டும். வெளிக் கண்ணாடி மட்டும் மஞ்சளாகியிருந்தால் காப்பாற்றலாம். 1000-லிருந்து 2000 வரை நைஸான வாட்டர் பேப்பரைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சும் அடித்தால் பல நாள் தாங்கும். பூச்சு அடிக்காவிட்டால் சில மாதங்களிலேயே மறுபடி மஞ்சளாகும்.

பல்ப் அடிக்கடி ஃபியூஸ் ஆகிறது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பெனியை மாற்றி மாற்றி வாங்காதீர்கள். ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது ஹோல்டரில் வோல்டேஜ் எகிறுகிறதா என்று பாருங்கள். எகிறினால், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ஆர்.ஆர். (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) யூனிட் போய்விட்டது. 5 சதவீதம் வோல்டேஜ் கூடினாலே பல்பின் ஆயுள் பாதியாகிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் வெளிச்சம் போதவில்லை என்றால்தான் 'அப்கிரேடு' என்ற பேச்சுக்கே வர வேண்டும். இங்கே முதல் சபலம் 60/55 வாட் ஹெச்4 பல்ப். காரில் போடுவது. பார்க்க ஹெச்எஸ்1 மாதிரியே இருக்கும், கழுத்துத் தகடு மட்டும் சற்று மாறும். அந்தக் காதை அரம் போட்டுத் தேய்த்து உட்கார வைத்துத் தருகிறார்கள். இதை நான் முழு மனதோடு எதிர்க்கிறேன். 35 வாட் பல்ப் இழுப்பது சுமார் 3 ஆம்பியர், 60 வாட் இழுப்பது 5 ஆம்பியர். ஒயரிலும் காண்டாக்டிலும் உண்டாகும் சூடு ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும், அதாவது ஏறக்குறைய மூன்று மடங்கு. ஹோல்டர் உருகும், டிம்மர் ஸ்விட்ச் கருகும், பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டர் கொப்புளிக்கும், இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் மேக்னெட் காயிலுக்கும் பாரம். ஐடிலில் காயிலால் அவ்வளவு கொடுக்கவும் முடியாது. பல்ப் சிவந்து அழும். வண்டி ஒரு அளவுக்கு மின்சாரம் தயாரிக்கிறது, அதற்குள்தான் நாம் குடும்பம் நடத்த முடியும்.

நீலப் பூச்சு பூசிய "சூப்பர் வொயிட்" ஹாலோஜனும் வேண்டாம். அந்தப் பூச்சு வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தின்றுவிட்டு மிச்சத்தைத்தான் வெளியே விடுகிறது. அதே 35 வாட்டில், தெளிந்த கண்ணாடியில், நல்ல கம்பெனி பல்ப் இருநூறு முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். என் வண்டியில் இருப்பதும் அதுதான்.

அடுத்து எல்இடி. சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் ஒரு நடை நடந்தால் விதவிதமாகத் தொங்கும். பெட்டியில் 80 வாட், 20,000 லூமன் என்று அச்சிட்டிருக்கும். உண்மையிலேயே 80 வாட் இழுத்தால் ஸ்கூட்டர் ஒயரிங்கே தாங்காது. ஆகவே அந்த எண்ணைப் படிக்காமல் விட்டுவிடுங்கள். எனக்கு எல்இடி மேல் பகை இல்லை. 2018-ல் ஆக்டிவா 5ஜி எல்இடி ஹெட்லைட்டோடு வந்தது, இன்று பல ஸ்கூட்டர்களில் அதுதான். எல்இடிக்கென்றே வடிவமைத்த ரிஃப்ளெக்டரும் லென்ஸும் அவற்றில் இருக்கின்றன. பிரச்சினை, ஹாலோஜனுக்காகச் செய்த டூமில் எல்இடி பல்பைச் செருகுவதில்தான். மேலே சொன்ன இழை ஒரு மெல்லிய கம்பிச்சுருள், மில்லிமீட்டர் சுத்தமாக ஓரிடத்தில் நிற்கிறது. ரிஃப்ளெக்டர் அந்தப் புள்ளியைக் கணக்கு வைத்து வளைக்கப்பட்டது. எல்இடியில் வெளிச்சம் தட்டையான சில்லுகளின் இரண்டு பக்கங்களிலிருந்து வருகிறது. இடம் கொஞ்சம் தள்ளினாலும், அந்தக் கிண்ணம் சரியாக மறைக்காவிட்டாலும் வெளிச்சம் சிதறும். நமக்கு முன்னால் பத்தடியில் பளீரென்று வெள்ளைக் குளம், அதற்கு அப்பால் இருட்டு. அந்தக் குளத்தைப் பார்த்துப் பழகிய கண் தூரத்தில் நிற்கும் மாட்டை இன்னும் தாமதமாகத்தான் பார்க்கும். வாங்கியவர் "செம வெளிச்சம்" என்று சொல்வதும், உண்மையில் தூரம் தெரியாமல் போவதும் ஒரே நேரத்தில் நடக்கும். ஜெர்மனியில் ஹாலோஜன் டூமில் எல்இடி பல்ப் போட 2020-ல்தான் முதன்முதலில் ஒரு தயாரிப்புக்கு அனுமதி கிடைத்தது. அதுவும் சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட வண்டி மாடல்களுக்கு மட்டும்.

இதைத் தவிர ஏசி, டிசி என்ற சிக்கல் வேறு இருக்கிறது. பழைய ஸ்கூட்டர்கள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு பேட்டரியிலிருந்து கரன்ட் போவதில்லை. மேக்னெட் காயிலிலிருந்து ஆர்.ஆர். யூனிட் வழியாக ஏசியாகவே போகிறது. சாவி போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் ஹெட்லைட் எரிந்தால் அது டிசி. எரியாமல், இன்ஜின் ஓடும்போது மட்டும் எரிந்து, ஆக்ஸிலேட்டருக்கு ஏற்ப ஏறி இறங்கினால் அது அநேகமாக ஏசி. புதிய வண்டிகளில் டிசியாக இருந்தும் ஸ்டார்ட் ஆன பிறகே எரிவது உண்டு, அதனால் சந்தேகம் இருந்தால் ஒயரிங் தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஏசியில் சாதாரண எல்இடி மினுமினுக்கும், சீக்கிரம் செத்தும் போகும். காயிலைக் கழற்றி டிசிக்கு மாற்றித் தருகிறேன் என்பார்கள். செய்ய முடியும்தான். ஆனால் காயில், ஆர்.ஆர். யூனிட் இரண்டும் மாற வேண்டும், பேட்டரிக்குப் போகும் சார்ஜும் சரியாக இருக்க வேண்டும். கை தேர்ந்தவர் செய்யாவிட்டால் ஒரு மழைக்கால ராத்திரியில் வண்டி நடுவழியில் நிற்கும்.

டிசி வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் தாராளமாகச் சிபாரிசு செய்வது ரிலே. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து நேராக ஒரு நல்ல தடிமனான ஒயர், டிம்முக்கு ஒன்று பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே. பழைய ஸ்விட்ச் ஒயர் ரிலேயை இயக்கும் வேலையை மட்டும் செய்யும். ஸ்விட்சில் தொலைந்த வோல்டேஜ் முழுதும் பல்புக்கு வந்துவிடும். வாட் கூடாமலே வெளிச்சம் ஏறும். நேர்மையான அப்கிரேடு என்று நான் சொல்வேன்.

கடைசியாக, பெரும்பாலோர் கவனிக்காத விஷயம்: குறி. டூமுக்கு அடியில் ஒரு ஸ்குரூ இருக்கும். அதைத் திருகினால் வெளிச்சம் மேலும் கீழும் நகரும். சமதளத்தில், டயரில் சரியான காற்றோடு, நீங்கள் வண்டியில் உட்கார்ந்த நிலையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். ஹெட்லைட்டின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறியுங்கள். டிம்மின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 முதல் 20 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். கணக்கு எளிது. ஹெட்லைட் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து, 10 மீட்டருக்கு 20 சென்டிமீட்டர் இறங்கினால் வெளிச்சம் 45 மீட்டரில் ரோட்டைத் தொடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றைப் பார்த்து, உணர்ந்து, பிரேக் பிடித்து நிற்க 50 மீட்டருக்குப் பக்கமாக வேண்டும். 40 கிலோமீட்டரில் 30 மீட்டருக்குள் நின்றுவிடலாம். அதனால்தான் குறி சரியாக இருந்தால் ஸ்கூட்டருக்கு 35 வாட் போதும் என்கிறேன். போதாதபோது இறங்க வேண்டியது வேகம். வழக்கமாகப் பின்னால் இருவரை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள், அந்தப் பாரத்தோடேயே குறி பாருங்கள். பின்பக்கம் அமுங்கும்போது வெளிச்சம் எதிரில் வருபவரின் முகத்துக்கு ஏறிவிடும்.

அந்த எதிரில் வருபவரைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க எனக்கு மனம் இல்லை. முன்பெல்லாம் போக்குவரத்துப் போலீஸார் வண்டிகளை நிறுத்தி ஹெட்லைட் நடுவில் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். கண் கூசுவதை அவர்கள் அவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி, 8 மீட்டர் தூரத்தில் 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூச வைக்காதபடி முன்விளக்கு கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. ஒன்றரை மீட்டர் என்பது நடந்து வருபவரின் கண், சைக்கிளில் வருபவரின் கண். வயது ஏற ஏறக் கண் கூசினால் தெளிவதற்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கும். ஒரு எல்இடி முகத்தில் அடித்துவிட்டுப் போன பிறகு அறுபது வயதுக்காரர் சில வினாடிகள் குருடராகவே ஓட்டுகிறார். குறுகிய ஆற்றங்கரை ரோட்டில் அப்படி ஓட்டுபவர் நம்மை நோக்கித்தான் வருகிறார். நம் பாதுகாப்புக்காகவாவது அவருக்கு ரோடு தெரிய வேண்டும்.

கூடுதல் வெளிச்சம் கட்டாயம் வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள், பால் வண்டிக்காரர், விடியற்காலையில் பேப்பர் போடுபவர் போன்றவர்கள், உங்கள் மாடலுக்கு வண்டிக் கம்பெனியே தரும் எல்இடி டூம் இருக்கிறதா என்று ஷோரூமில் முதலில் விசாரியுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் டூம் என்றால், நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குச் செய்ததா என்று கேளுங்கள். வலப்பக்கம் ஓட்டும் நாட்டு டூமில் வெளிச்சம் வலது பக்கம் மேலேறும், அது இங்கே நேராக எதிர்வண்டிக்காரர் முகத்தில் போய் விழும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் இந்த வேலையை முடித்துவிடுங்கள். ஈர ரோடு வெளிச்சத்தை நமக்குத் திருப்பித் தராமல் முன்னாலேயே தள்ளிவிடும், உலர்ந்த ரோட்டில் போதுமாக இருந்த விளக்கு அப்போது போதாது. ஹெல்மெட் கண்ணாடி கீறியிருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். உங்கள் வண்டிக்கு எர்த் தேய்த்துக் குறி பார்க்கும் அதே நாளில், வீட்டில் அப்பாவோ மாமாவோ ஓட்டும் பழைய ஸ்கூட்டரையும் எடுத்துப் போய்ப் பார்த்துக் கொடுங்கள். வெளிச்சம் குறைந்திருக்கிறது என்று அவர்கள் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.